ரத்தம் பார்க்காத கொடுவாள்

சித்திரை ஐந்தாம் தேதி, விளக்கு வைக்கும் நேரத்தில், சென்னகிருஷ்ணன் தோப்பில் ஒரு மாமரம் விழுந்தது. காற்று பலமாக அடிக்கவில்லை. மரம் கிழடு. விழுவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சென்னகிருஷ்ணன் வெங்கடப்பனைக் கூப்பிட்டனுப்பினார். நாகரசம்பட்டியைச் சுற்றி அவருக்குத் தோப்புகள் இருந்தன. ஒரு தோப்பை ஒட்டிய மேட்டு நிலத்தை வெங்கடப்பன் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதான். வைகாசிக் கடைசியில் அவனுடைய ஒரே மகள் செல்வம்மாளுக்குக் கல்யாணம். பந்திச் சமையலுக்கு அந்த மரத்தை வெட்டிக்கொள் என்றார் சென்னகிருஷ்ணன். வெங்கடப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவர் மிச்சத்தையும் சொன்னார். அடிமரம் தனக்கு. கிளைகள் அவனுக்கு.

கிளைகளே கல்யாணத்துக்குக் காணும். ஆனால் பச்சை மரம். இப்போதே வெட்டி வெயிலில் போட்டால் வைகாசிக்குள் காயும். தள்ளிப்போட்டால் எரியாது, புகையும்.

சாந்தம்மாவும் அதைத்தான் சொன்னாள். வெங்கடப்பனின் மனைவி அவள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மைசூர் எல்லைக்கு அந்தப்புறம், ஆனேக்கல் பக்கம். சம்பந்தி திம்மப்பன் சிரித்துக்கொண்டே பேசுவார். அவர் மனைவி மாரம்மா சிரிக்காமல் பேசுவாள், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மாரம்மாவின் மூத்த மருமகள் வந்த கல்யாணத்தில், பெண் வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்துவிட்டது. அந்த மருமகள் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள். மாரம்மா இன்றைக்கும் அவளை உப்பில்லாதவள் என்றுதான் கூப்பிடுகிறாள்.

“பந்தியில சோறு வேவுலன்னா அவ எம்பொண்ணுக்கும் ஒரு பேரு வப்பா,” என்றாள் சாந்தம்மா. “சாவற வரிக்கும் அதுதான் பேரு. நாளிக்கே போயி வெட்டிப் போடுங்க.”

வெங்கடப்பன் மறுநாளே போனான். வீட்டில் நல்ல கொடுவாள் ஒன்று இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்கு நடந்தவனை வழியில் கரியப்பன் நிறுத்தினார். கரியப்பன் மாரியம்மன் கோயில் பூசாரி. பங்குனித் திருவிழாவில் உன் கிடாயை இந்தக் கொடுவாளால்தானே வெட்டினேன் என்று கேட்டார். ஆமாம் என்றான் வெங்கடப்பன். அப்படியானால் இதைக் கொண்டு எங்கே போகிறாய் என்றார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. கல்யாண அடுப்பின் முதல் விறகை ரத்தம் பார்க்காத கத்தியால்தான் வெட்ட வேண்டும். வெட்டி, மஞ்சள் பூசி, அடுப்பில் முதலில் அதை வைப்பார்கள். அதை வெட்டாமல் அடுத்த கிளையைத் தொடக் கூடாது. மற்ற வருடங்களில் இது ஒரு பெரிய காரியமே இல்லை. யார் வீட்டிலாவது அப்படி ஒரு கத்தி கிடைக்கும். இந்த வருடம் மழை வேண்டி ஊரே கிடாய் வெட்டியிருந்தது. அவரவர் கிடாயை அவரவர் கொடுவாளால் வெட்டுவது வேண்டுதல். அத்தனையையும் வெட்டிய கை கரியப்பனுடையது. வெங்கடப்பன் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தான். ஊரில் ஒரு நிரபராதிக் கத்தி கிடைக்கவில்லை.

விறகுக் கடையில் காய்ந்த விறகு வாங்கலாம். ஆனால் தோப்புக்காரர் கொடுத்த மரம் தோப்பில் கிடக்க, வெளியில் விறகு வாங்கினால் அது அவர் முகத்தில் அடித்த மாதிரி. அப்புறம் மேட்டு நிலத்தை வேறு யாராவது உழுவார்கள்.

புதுக் கொடுவாள் வாங்குவதென்று முடிவானது. போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. அதுவரை மரம் காத்திருக்க வேண்டியதுதான். அடிமரம் காத்திருக்கவில்லை. சென்னகிருஷ்ணனின் ஆட்கள் கோடாலியும் ரம்பமும் கொண்டுவந்து அதை அறுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்தக் கோடாலி என்ன பார்த்தது, ரம்பம் என்ன பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. அடிமரம் கல்யாணத்துக்குப் போகவில்லை அல்லவா.

சந்தைக்குக் கரியப்பனும் கூட வந்தார். கொடுவாளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது என்று அவரே பலமுறை சொல்லியிருந்தார்.

கொல்லன் முனிவேல் புளிய மரத்தடியில் சாக்கு விரித்து வரிசையாகக் கத்திகளை அடுக்கியிருந்தான். அவனிடம் இரண்டு தினுசு உண்டு. ஒன்று இந்தப் பக்கத்துக் கொடுவாள், முதுகு நேராகப் போய் மொட்டையாக முடியும். இன்னொன்று ஆனேக்கல் பக்கத்து மச்சுக்கத்தி, நுனி கிளிமூக்காக வளைந்திருக்கும். இரண்டும் ஒரே உலையில் வெந்தவை. யார் எதைக் கேட்டாலும், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்பான் முனிவேல். அதனால் அவன் வியாபாரம் நன்றாக நடந்தது.

கரியப்பன் கொடுவாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதுகோடு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். கையில் தொங்கவிட்டு ஆட்டி, எடை நுனியில் இருக்கிறதா கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்கும் கொடுவாளைப் பற்றித் தெரிந்திருந்தது. பிடி வேலமரமா இருக்கணும் என்றார் ஒருவர். பூணைப் பாரு, பூண்தான் முக்கியம் என்றார் இன்னொருவர். கடைசியில் கரியப்பன் ஒன்றைத் தேர்ந்தார். இரும்பென்றால் இது இரும்பு என்றார். சொல்லிக்கொண்டே, கொடுவாள் தெரிந்த எவனும் கடைசியில் செய்வதைச் செய்தார். வெட்டும் வாயில் கட்டைவிரலை வைத்து இழுத்தார்.

நல்ல கொடுவாள்தான். கட்டைவிரலிலிருந்து ரத்தம் அதன் மேல் சொட்டியது.

ஒரு சொட்டுதானே, துடைத்துவிடலாம் என்றான் முனிவேல். பூசாரி ரத்தம் தீட்டில் சேராது என்றார் கூட்டத்தில் ஒருவர். கரியப்பன் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். தீர்ப்பு அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?” என்றார் கரியப்பன், விரலை வாயில் வைத்துக்கொண்டு. “இது ரத்தம் பாத்துடுச்சி.”

கூட்டம் அவரை மெச்சியது. ரத்தம் காட்டியது உங்கள் ஆள், அதனால் கொடுவாள் உங்களுடையது என்றான் முனிவேல். அதைக் கூட்டம் நியாயம் என்றது. வெங்கடப்பன் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இப்போது அவனிடம் வெட்டக் கூடாத கொடுவாள் இரண்டு இருந்தது.

அடுத்த சந்தையில் அவன் உஷாராக இருந்தான். யாரையும் தொடவிடவில்லை. முனிவேலே ஒன்றை எடுத்து வைக்கோல் சுற்றிக் கொடுத்தான். மாப்பிள்ளை வீடு ஆனேக்கல் என்றதும், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று அவன் கொடுத்தது மச்சுக்கத்தி. வெங்கடப்பனுக்கு வெட்டினால் போதும். அதைக் கொண்டு தோப்புக்குள் நுழைந்தபோது சென்னகிருஷ்ணன் எதிரில் வந்தார். வைக்கோலைப் பிரிக்கச் சொன்னார். கிளிமூக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

நாட்டை மொழிவாரியாகப் பிரிக்கிற வருடம் அது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று டீக்கடையிலும் கோர்ட்டு வாசலிலும் ஒரே பேச்சு. சென்னகிருஷ்ணன் எல்லைக் கமிட்டி ஒன்று ஆரம்பித்து அதற்குத் தலைவராகவும் ஆகியிருந்தார். ஓசூரிலிருந்து ஒரு பிடி மண் போக விடமாட்டேன் என்று மத்தூர்க் கூட்டத்தில் பேசினார். கைத்தட்டல் கிடைத்தது. அதிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லாவற்றிலும் எல்லை தெரிந்தது.

“இந்த மூக்கு எந்தோப்புல எறங்குச்சின்னா நாளிக்கு தோப்பே மைசூருக்குப் போயிடும்டா வெங்கடப்பா,” என்றார். “கல்யாணம் உம்முது. மரம் எம்முது. நம்ம கொடுவாளா கொண்டா.”

சொல்லிவிட்டு, வேலியை மேய்ந்துகொண்டிருந்த எருதைத் தெலுங்கில் திட்டினார். வீட்டில் அவர் பேசுவது தெலுங்கு. மாங்காய் எண்ணுவது கன்னடத்தில், வியாபாரிகள் பெங்களூர்க்காரர்கள். தமிழை மேடைக்கென்று தனியாக வைத்திருந்தார்.

வெங்கடப்பன் கத்தியை மறுபடியும் வைக்கோலில் சுற்றினான். வீட்டுக்கு வந்து சாந்தம்மாவிடம் சொன்னான். ஒரே ஒரு விறகுக்குத்தானே இந்தச் சட்டம், அதை யாராவது கையால் முறித்துப் போட்டால் ஆகாதா என்று கேட்டாள். வெங்கடப்பன் கரியப்பனிடம் போய் அதைக் கேட்டான். வெட்டுவதுதான் வழக்கம், முறிப்பது அபசகுனம் என்றார் கரியப்பன். கல்யாணத்தில் யாராவது முறிப்பதைப் பற்றிப் பேசுவார்களா என்றும் கேட்டார். அவன் தலை குனிந்து திரும்பினான்.

அந்த வாரம் சம்பந்தி திம்மப்பன் பத்திரிகை விஷயமாகப் பேச வந்தார். சாப்பிட்டார். காற்றாடத் தோப்புக்குப் போனவர் கிளைகள் வெட்டாமல் கிடப்பதைப் பார்த்தார். விஷயம் கேட்டார். சிரித்தார். சம்பந்தியை அவர் பீகரே என்பார், அவர்கள் பக்கத்துப் பேச்சு.

“நம்ம வூட்ல மொத வெறகு மச்சுலதான் வெட்டறது, பீகரே. நீங்க எதுல வெட்டுனாலும் எனக்கு ஒண்ணுமில்ல. பொம்பளைங்க கேப்பாங்க, அவ்ளோதான்.”

பொம்பளைங்க என்றால் யார் என்று வெங்கடப்பனுக்குத் தெரியும். சம்பந்தியையும் பூசாரியையும் அழைத்துக்கொண்டு சென்னகிருஷ்ணனின் களத்துக்குப் போனான். மூவரும் பேசி ஒரு முடிவு சொல்லட்டும் என்பது அவன் எண்ணம். அவர்கள் பேசினார்கள். நேர் முதுகை விட்டுக் கொடுக்க முடியாது என்றார் சென்னகிருஷ்ணன். மூக்கில்லாத கத்தியால் வெட்டினால் கல்யாணமே மூளி என்றார் திம்மப்பன். இருவரும் மோர் குடித்தார்கள். எல்லையில் வாழ்கிறவர்கள் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் அனுசரணை பிறந்தது. முதுகு நேராக இருக்கும். நுனியில் மூக்கு இருக்கும். தன் பங்குக்குக் கரியப்பன், பிடிக்கு மேலே எலுமிச்சம்பழம் செருக ஒரு முள் வேண்டும் என்றார்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். அவர் விரலில் இன்னும் துணி சுற்றியிருந்தது. சாணை பிடிக்கிறவன் விரலை நம்ப முடியாது. கத்தி தெரியாமல் ரத்தம் பார்த்துவிட்டால் என்ன செய்வது? ஆகையால் இதைத் தீட்டக் கூடாது. முதல் விறகை வெட்டிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளலாம்.

அதில் ஏதோ இடித்தது வெங்கடப்பனுக்கு. என்னவென்று பிடிபடுவதற்குள் மற்ற இருவரும் தலையை ஆட்டிவிட்டார்கள். அவனும் ஆட்டினான்.

முனிவேலிடம் போய்ச் சொன்னபோது, அப்படி ஒன்று செய்யலாம் என்று தனக்கும் ரொம்ப நாளாக ஒரு எண்ணம் என்றான். இரண்டு சந்தை கழித்துக் கொடுத்தான்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. நேராகப் போன முதுகு கடைசியில் மனம் மாறியதுபோல் வளைந்தது. எலுமிச்சம்பழ முள் பளபளத்தது. கையில் எடுத்தால் மூக்கு ஒரு பக்கம் இழுத்தது, முள் மணிக்கட்டில் குத்தியது. வாய் சோற்றுக் கரண்டியின் விளிம்புபோல வழுவழுப்பாக இருந்தது. ஊர் வந்து பார்த்தது. இதுமாதிரி ஒரு கத்தி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றார்கள். அது உண்மை.

வைகாசி பிறந்துவிட்டது. ஒரு நல்ல நாளில் தோப்பில் கத்திக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முள்ளில் எலுமிச்சம்பழம் செருகினார்கள். சென்னகிருஷ்ணன் நாலு வார்த்தை பேசினார். நாலு வார்த்தையில் எல்லையும் வந்தது. பிறகு வெங்கடப்பன் கத்தியை ஓங்கி ஒரு கிளையில் போட்டான்.

கத்தி துள்ளித் திரும்பியது. கிளையில் நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு.

மரம் பச்சை, அதனால்தான் என்றார் கரியப்பன். ஓங்குகிற தோரணை சரியில்லை என்றார் சென்னகிருஷ்ணன். இன்னும் நாலு பேர் வாங்கிப் பார்த்தார்கள். மூக்கு இழுத்த பக்கம் கை போயிற்று. கோடுகள்தான் கூடின. தீட்டிவிடலாமா என்று வெங்கடப்பன் மெல்லக் கேட்டான்.

“வெட்டிட்டு தீட்டுன்னு சொன்னனே,” என்றார் கரியப்பன். “தீட்டிட்டு வெட்டறதுன்னா அதுக்கு எதுக்கு இந்தக் கத்தி?”

மறுநாள் விடிந்ததும் வெங்கடப்பன் பழைய கொடுவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு தோப்புக்குப் போனான். சாந்தம்மாவும் பின்னால் வந்தாள். யாரும் இல்லை. அவன் கிளையின் முன் நின்றான். கொடுவாளை ஓங்கினான். செல்வம்மாளுக்கு நாளைக்கு ஒரு ஜுரம் வந்தால்? பிள்ளை தங்காமல் போனால்? ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். கை இறங்கிவிட்டது. குடு இப்படி என்று சாந்தம்மா பிடுங்கினாள். அவளும் ஓங்கினாள். அவளும் அப்படியே நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்கள்.

அதன் பிறகு அவள் சுள்ளி பொறுக்கினாள். தென்னை மட்டை சேர்த்தாள். வேலிக்காலில் காய்ந்த கம்பு இருந்தால் உருவி வந்தாள். வீட்டுக்கு அன்றாடம் பொங்க அது காணும். கல்யாணப் பந்திக்குக் காணாது.

மாப்பிள்ளை அழைப்பன்று மதியம், மத்தூர்ச் சமையல்காரர் முனிராஜ் அண்டாக்களுடன் வந்து இறங்கினார். தரையில் கோட்டை அடுப்பை வெட்டினார். அரிசி களைந்தார். விறகு எங்கே என்று கேட்டார். சாந்தம்மா சுள்ளிக் குவியலைக் காட்டினாள். அது பத்த வைக்க, நான் எரிக்கக் கேட்டேன் என்றார் முனிராஜ்.

வெங்கடப்பன் கரியப்பன் வீட்டுக்கு ஓடினான். காலில் விழுந்தான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். கரியப்பன் தோப்புக்கு வந்து கிளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோடுகளை விரலால் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். புதுக் கத்தி மரத்தின் தோலைத் தொட்டுவிட்டது. தோலைத் தொட்டால் வெட்டியதாகத்தான் அர்த்தம். ஆட்டுக்கும் அப்படித்தான், முதல் கீறலிலேயே அது அம்மனுக்குப் போய்விடுகிறது. ஆகவே முதல் விறகு அன்றைக்கே வெட்டியாகிவிட்டது. இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று அவர் ஆச்சரியப்பட்டார். முழுக் கிளைக்கும் மஞ்சள் பூசச் சொன்னார்.

அடுத்த நிமிடம் ஊரிலிருந்த பாவப்பட்ட கொடுவாள்கள் எல்லாம் தோப்புக்கு வந்தன. சடசடவென்று வெட்டு விழுந்தது. வெயில் தாழ்வதற்குள் விறகு மலையாகக் குவிந்தது. வெட்டுவாயில் பால் கசிந்துகொண்டிருந்தது.

முனிராஜ் அதை அடுப்பில் வைத்தார். சுள்ளி எரிந்தது. மட்டை எரிந்தது. மாங்கிளை நுரை தள்ளியது. புகை முதலில் அடுப்பைச் சுற்றியது, பிறகு பந்தலுக்குள் வந்தது, பிறகு வீட்டுக்குள் போய்ச் செல்வம்மாளுக்கு மை வைத்துக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பியது. முனிராஜ் ஊதாங்குழலைக் கீழே வைத்தார். அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். குளிக்கலாம் என்றார்.

அந்த நேரத்துக்குத்தான் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் மாப்பிள்ளை. அடுத்ததில் திம்மப்பனும் மாரம்மாவும். அதற்கடுத்து உறவுக்காரர்கள். கடைசியாக ஒரு வண்டி தனியாக வந்தது. அதில் ஆள் இல்லை. விறகு இருந்தது. புளியம் விறகு. கை நீளத்துக்குப் பிளந்து, காய்ந்து, கயிறு போட்டுக் கட்டிய விறகு.

திம்மப்பன் இறங்கினார். சிரித்தார். அன்றைக்குத் தோப்பில் பச்சை மரத்தைப் பார்த்தபோதே மனதில் பட்டது, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன் என்றார். அதே தினம் பொழுது சாயும் வரை களத்தில் உட்கார்ந்து, மூக்கு வேண்டும் மூக்கு வேண்டும் என்று இதே மனிதர் மல்லுக்கு நின்றது வெங்கடப்பனுக்கு நினைவு வந்தது. அவனுக்குப் புகையில் கண் எரிந்தது. அழுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று துண்டை முகத்துக்குக் கொண்டுபோகாமல் நின்றான்.

சென்னகிருஷ்ணன் மைசூர் விறகைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்க்கப் போய்விட்டார். கரியப்பன் விறகின் மேல் ஒரு கட்டையை எடுத்து, நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். நன்றாகக் காய்ந்தது என்றார். அது எந்தக் கத்தியால் வெட்டியது என்று கேட்கவில்லை.

வண்டிக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, இறக்கலாமா என்று பொதுவாகக் கேட்டான். முனிராஜ் வெங்கடப்பனைப் பார்த்தார். வெங்கடப்பன் சாந்தம்மாவைப் பார்த்தான். பெண் வீட்டு அடுப்பில் மாப்பிள்ளை வீட்டு விறகு. வேண்டாம் என்றால் பந்திக்கு ஊறவைத்த அரிசிதான். சாந்தம்மா அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படிக்குப் பின்னால் செல்வம்மாள், பாதி மையிட்ட கண்ணோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாரம்மா வண்டியை விட்டு நிதானமாக இறங்கினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பந்தலைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், பால் வடியும் விறகு மலையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இறங்கிய பெண்கள் சிரிப்பதற்குத் தயாராக நின்றார்கள்.

“ஏண்ணா, வெறகு எறக்கறது இருக்கட்டும்,” என்றாள் வெங்கடப்பனிடம். “அடுப்பாச்சும் உங்களுதுதானா, இல்ல வண்டிய திருப்பியனுப்பி அதயும் கொண்டாரச் சொல்லட்டுமா?”